தட்டில் வெட்டிய பெயர்

சபைச் செயலாளர் அறிவிப்புகளை வாசிக்கத் தொடங்கியபோது, இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று ஹெப்சிபா கணக்குப் போட்டாள். அறிவிப்பு முடிந்ததும் ஒரு பாட்டு. பாட்டின் கடைசிச் சரணத்தில் குருவானவர் இறங்கி, மேற்கு வாசலை ஒட்டிய ஞானஸ்நானக் கல்தொட்டிக்கு வருவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவர்கள் எழுந்து போக வேண்டும். பெயர் கேட்பார். இந்தச் சபையில் பெயரைத் தாய்தான் சொல்ல வேண்டும், அது பழைய வழக்கம். சொல்லிவிட்டால் தண்ணீர் விழுந்துவிடும், பிறகு அழித்து எழுத முடியாது. வீட்டில் எல்லாருக்கும் பெயர் முடிவாகிவிட்டது, மில்ட்ரெட். ஹெப்சிபா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதமாகச் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சில், அவளுக்கு இடப்புறம், அந்தப் பெயருக்கு உரியவள் உட்கார்ந்திருந்தாள். மில்ட்ரெட் அத்தை, ரூபனுடைய பெரியம்மா, தாயில்லாத அவனை வளர்த்தவள், பள்ளிக்கூட விடுதியில் முப்பது வருஷம் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை அத்தையின் மடியில் வெள்ளை லேஸ் உடுப்புக்குள் தூங்கியது. காலடியில் துணிப்பை, பைக்குள் வட்டமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அது என்ன என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அதைப் பார்க்காமல் நடைபாதைக்கு அந்தப்புறம், ஆண்கள் பக்கம் பார்த்தாள். ரூபன் கையைக் கட்டிக்கொண்டு செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒருவரும் அறிவிப்பு கேட்க மாட்டார்கள். இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்திருப்பவன்தான் அப்படிக் கேட்பான்.

எதையும் ஒருதரம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறவன் இல்லை ரூபன். தேங்காய்ச் சட்டினிக்குப் பொரிகடலை வேண்டுமா வேண்டாமா என்பதற்கே ஒரு காலைப்பொழுதைச் செலவழிக்கிறவன். அத்தை ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, எம் பேர வச்சிரலாம்டா என்றபோது, உடனே தலையை ஆட்டினான். அவ்வளவு சீக்கிரம் ஆடிய தலையை ஹெப்சிபா நம்பவில்லை. அத்தையும் யாரிடமும் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால்கூட, பெட்டியில் இடம் இல்லை என்பாள். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் கேட்டாள், அவன் கொடுத்துவிட்டான், இரண்டு பேரும் முன்பே பேசிவைத்துக்கொண்டவர்களைப்போல. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷமாக ரூபன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முதலில் அவள் கவனிக்கவில்லை. ஒருநாள் அடுப்படியில் பால் பொங்கி வழிந்தபோது, இந்தா, இந்தா என்று கூடத்திலிருந்து கத்தினான். அவசரத்துக்குக்கூட அவன் வாயில் பெயர் வரவில்லையே என்று தோன்றியது, அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். ஏட்டி. இந்தா. கேக்கியா. பிள்ளை பிறந்த பிறகு, பாப்பா அம்மா. கல்யாணமான புதிதில் ஹெப்சி ஹெப்சி என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவான், அடுத்த வீட்டுக்காரி அதைப் பழித்துக்காட்டிக் கேலி செய்வாள். மனசு ஒருத்தியிடமிருந்து விலகும்போது முதலில் பெயர்தான் விலகும்போலிருக்கிறது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள். ஆராதனை முடிந்ததும், நீ அத்தையோட ஆட்டோவுல போ, எனக்குக் கமிட்டி வேலை இருக்கு என்பான். அரைமணி கழித்து வருவான். திங்கட்கிழமை துவைக்கும்போது அவனுடைய கால்சட்டை ஓரத்தில் ஒட்டுப்புல் இருக்கும், ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். கோயில் வளாகம் முழுக்கத் தளக்கல் போட்டிருக்கிறது. எந்தக் கமிட்டி புல்லுக்குள் உட்கார்ந்து கூடுகிறது? அவள் கேட்டதில்லை. பிடுங்கிய புல்லைச் சோப்புநுரையோடு சாக்கடையில் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும்.

செயலாளரின் அறிவிப்பு வாலிபர் கூட்டத்துக்கு வந்திருந்தது. பெண் கேட்டு வந்த வீட்டைப் பற்றி ஊரில் விசாரிப்பதைப்போல, ஹெப்சிபா அந்தப் பெயரைப் பற்றி விசாரித்திருந்தாள். கல்லூரி நூலகத்தில் அவள் உதவியாளர். பிரசவ விடுப்பில் இருந்தும் ஒரு மத்தியானம் போய், தூசி தட்டி, பெயர் அகராதியை எடுத்தாள். மில்ட்ரெட், பெண்பால், பழைய ஆங்கிலம். இரண்டு சொல்லை ஒட்டவைத்துச் செய்தது, முதல் பாதிக்கு மென்மை என்று பொருள், பின் பாதிக்கு வலிமை. மென்மையையும் வலிமையையும் ஒரே பிள்ளையின் தலையில் கட்டுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? அடங்கியும் இரு, தாங்கியும் கொள் என்றா? அந்தக் காலத்து ராஜவீடுகளில் பெயரை இப்படித்தான் வெட்டி ஒட்டுவார்களாம். இந்தப் பெயரை முதலில் புகழாக்கிய ராஜவீட்டுப் பெண்ணின் இரண்டு சகோதரிகளுக்கும் பெயரின் முதல் பாதி அதேதான், மென்மை. மூன்று பெண்களுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்ததைப்போல. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தென்கிழக்கு இங்கிலாந்தில், தாய் கட்டிய மடத்துக்கே தலைவியாக இருந்தவளாம் இந்த மில்ட்ரெட். சின்ன வயதில் படிப்பதற்காகப் பிரான்சு தேசத்து மடம் ஒன்றுக்குத் தாய் அனுப்பிவைத்தாள். அங்கிருந்த தலைவி தன் உறவுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள், இவள் மாட்டேன் என்றாள், எரிகிற ரொட்டி அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள், அவள் தலைமுடி கருகாமல் வெளியே வந்தாள். கதைதான். கதையென்றாலும், அடுப்புக்குள் போனவளும் வெளியே வந்தவளும் ஒருத்திதானா என்று யாராவது பார்த்தார்களா? ஹெப்சிபாவுக்கு அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. அடுத்த பத்தி இன்னும் மோசம். மில்ட்ரெட் செத்து முந்நூறு வருஷம் கழித்து அவளுடைய எலும்பை ஒரு மடத்தார் எடுத்துப் போனார்கள். பக்கத்திலேயே இன்னொரு மடத்தார், இல்லை, உண்மையான மில்ட்ரெட் எங்களிடம்தான் இருக்கிறாள் என்றார்கள். இரண்டு பெட்டி, ஒரு பெயர். சண்டை பல வருஷம் நடந்தது. அப்புறம் பெயர் மெல்லத் தேய்ந்தது, நூற்றுக்கணக்கான வருஷம் அநேகமாக யாரும் வைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய பெயர்களின் மேல் அங்குள்ளவர்களுக்கு ஆசை வந்தபோது, மறுபடி எழுந்து உட்கார்ந்தது. அமெரிக்காவுக்குப் போய் அங்கே வீட்டுக்கு வீடு கூப்பிடும் பெயராயிற்று, பிறகு அங்கேயும் கிழவிகளின் பெயராகி நின்றது. அவ்வளவு காலம் தூங்கிய ஒன்று எதற்காக எழுந்திருக்க வேண்டும், எழுந்தது ஏன் கப்பலேறி இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு வர வேண்டும் என்பது அகராதியில் இல்லை. அது அத்தையிடம் இருந்தது.

அத்தை அதைப் பெருமையாகத்தான் சொல்வாள், சிரித்துக்கொண்டே. மிஷன் விடுதிப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் இங்கிலாந்தில் யாராவது ஒரு துரைசாணி பொறுப்பு. பொறுப்பெடுத்தவளின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். கட்டிலுக்கு மேலே அந்தப் பெயர், தட்டில் அந்தப் பெயர், கிறிஸ்துமஸுக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் அந்தப் பெயர். அப்படி ஒரு மில்ட்ரெட் துரைசாணிக்கு இங்கே ஒரு மில்ட்ரெட் இருந்தாள், எட்டு வயது. ஏழே மாதத்தில் வாந்திபேதி வந்து போய்விட்டாள். கட்டில் காலியாக இருக்கலாமா? வாசலில் இடம் கேட்டு நின்ற பேச்சி என்ற பிள்ளையைக் கூட்டிவந்து, அதே கட்டிலில் படுக்கவைத்து, அதே தட்டில் சோறு போட்டு, மில்ட்ரெட் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சிதான் அத்தையின் பூட்டி. அவளிலிருந்து தலைமுறைக்கு ஒருத்திக்கு அந்தப் பெயர். கடுதாசியில கையெழுத்து மாறிப் போச்சே, அது அந்தத் துரைசாணிக்குத் தெரியலியே என்று சொல்லி அத்தை கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். தட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. விளிம்பில் ஆங்கில எழுத்தில் பெயர் வெட்டிய வெண்கலத் தட்டு, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டது. பெயர் யாருடையதோ, தட்டு இப்போது அவளுடையது. இன்று பைக்குள் வட்டமாகப் புடைத்திருப்பது அதுதான். முதல்தரம் இந்தக் கதையைக் கேட்டபோது ஹெப்சிபாவும் சிரித்தாள், அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். இப்போது அந்த முதல் பிள்ளையை மட்டும் நினைக்கிறாள். மில்ட்ரெட் ஆவதற்கு முன்னால் அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அது அத்தைக்கே தெரியாது. அவள் செத்ததைக்கூட ஒருவரும் எழுதி அனுப்பவில்லை. எழுதியிருந்தால் பணம் நின்று கட்டில் போயிருக்கும். ஆகையால் அவள் சாகவேயில்லை, இன்னொரு கையெழுத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. அத்தையின் விரல் தன்னால் அதன் நெஞ்சைத் தட்டிக்கொடுத்தது. அந்த விரல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விரலைத் தண்ணீரில் தோய்த்துத்தான் இன்னொரு நெற்றியில் வைத்தார்கள். ஹெப்சிபா அதைப் பார்க்கவில்லை. வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியும், நிலைக்கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் பத்தே கால் தெரியும். அதற்குப் பிறகு ஐந்து நாள் இல்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்த வலி இருந்தது, மார்பில் பால் கட்டிய வலி இருந்தது, பிள்ளை இல்லை. பெண்பிள்ளை என்றார்கள். இரண்டு மணி நேரம் இருந்தது என்றார்கள். குருவானவர் வருவதற்கு நேரமில்லாததால் அத்தையே அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள், நல்லபடியாக அடக்கம் ஆயிற்று, நீ ஒன்றையும் யோசிக்காதே என்றார்கள். அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், மூன்று தரம் தண்ணீர் வைக்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. என்ன பெயர் சொன்னார்கள்? அவள் கேட்கவில்லை. முதல் வாரம் கேட்கத் தெம்பில்லை. முதல் மாதம் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். பிறகு, ஒருவரும் சொல்லவில்லை என்பதே ஒரு பொருளாக வளர்ந்து, கூடத்து நடுவில் கிடக்கும் பெட்டியைப்போலச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று ஒருதரம் சொன்னாள். வெயில் என்றான் ரூபன். கல்லறைத் திருநாளன்று சொன்னாள், கூட்டம் என்றான். இன்னொருதரம், பாம்பு கிடக்கு, புல்லு வெட்டல என்றான். புல் வெட்டவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் ஒவ்வொரு தரமும் நினைப்பு வந்து முட்டிக்கொள்கிறது. ஒரு விடுதிக் காப்பாளர், அவசரத்தில், கையில் தண்ணீரும் எதிரில் மூச்சுத்திணறும் பிள்ளையுமாக நிற்கிறாள். அவள் வாயில் எந்தப் பெயர் வரும்? தன் பெயர்தான் வரும். தலைமுறைக்கு ஒருத்தி என்று காத்துக்கொண்டிருந்த பெயர். ஆகையால் அங்கே புல்லுக்குள் சிலுவையில் மில்ட்ரெட் என்று எழுதியிருக்கிறது, அதனால்தான் தன்னை அங்கே போக விடமாட்டேன் என்கிறார்கள், இப்போது அதே பெயரை எடுத்து இந்தப் பிள்ளைக்குப் போட்டுக் கட்டிலை நிரப்பப் பார்க்கிறார்கள். அதே தட்டு. கையெழுத்து மாறியது தெரியாத துரைசாணி யார்? நான்தான். நான் தெரியாதவளாக இருக்க வேண்டும், இரண்டு பிள்ளையையும் ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை இருக்க வேண்டும். இரண்டு பெட்டி, ஒரு பெயர். ஹெப்சிபா பாட்டுப்புத்தகத்தில் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். முன் பெஞ்சில் ஒரு பெண்ணின் கொண்டையில் பிச்சிப்பூ வாடத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே வேறு பெயர் ஒன்று யோசித்தாள், தொட்டியருகில் நின்று திடீரென்று சொல்லிவிட, யாரும் தடுக்க முடியாதபடி. ஒன்றும் வரவில்லை. மூன்று மாதமாக எதிர்த்து எதிர்த்து அந்த ஒரு பெயரைத்தான் மனசு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பாலூட்டும்போது அவளை அறியாமல் மில்லி என்று கூப்பிட்டது எத்தனை தரம். எவ்வளவு தந்திரமாக உள்ளே வந்துவிட்டது.

ஆர்மோனியம் ஊதத் தொடங்கியது, எல்லாரும் எழுந்தார்கள். முதல் சரணத்தில் அவள் வாயை அசைத்தாள். இரண்டாம் சரணத்தில் அதுவும் இல்லை. மூன்றாவதில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார், கல்லில் தண்ணீர் விழும் சத்தம் பாட்டுக்கு நடுவே தனியாகக் கேட்டது. அத்தை பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பையை எடுக்கக் குனிந்தாள். பைக்குள் தட்டு எதிலோ இடித்து ஓசையெழுப்பியது. அந்த ஓசைதான் ஹெப்சிபாவின் வாயைத் திறந்தது. பிற்பாடு யோசித்தபோது அப்படித்தான் தோன்றியது.

“அத்தை, அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிய?”

அத்தை நிமிர்ந்தாள். எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. பையைக் கீழேயே விட்டுவிட்டாள். “இப்பமா கேக்க?”

“இப்பம்தான் கேக்கணும்.”

கடைசிச் சரணம் ஆரம்பமாகிவிட்டது. குருவானவர் படியிறங்கினார். அத்தை பிள்ளையின் லேஸை நேராக்கினாள், நேராக இருந்ததை மறுபடியும் நேராக்கினாள். “பேரு யோசிக்க எங்க நேரம் இருந்துது? அவன் ஒனக்கு ரத்தம் வேணும்னு ஓடிட்டான். நர்சு சீக்கிரம் சீக்கிரம்னா. பிள்ளை கையில ஒரு சீட்டு கட்டியிருந்தாவ. அதுல இருந்த பேரச் சொல்லித் தண்ணி வச்சிட்டேன்.”

“என்ன பேரு இருந்துது?”

“ஒம் பேருதாம்மா.”

அந்தச் சீட்டு ஹெப்சிபாவுக்குத் தெரியும். இந்தப் பிள்ளையின் கையிலும் கட்டியிருந்தார்கள், நாலாம் நாள் அவளே கத்தரித்து மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கிறாள். பெயரிடாத பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கிடையாது, தாயின் பெயரைத்தான் எழுதுவார்கள், இன்னாருடைய குழந்தை என்று. அந்த இரண்டு மணி நேரமும் அந்தப் பிள்ளையின் மேல் இருந்த ஒரே எழுத்து அதுதான். அத்தை குரலை இன்னும் இறக்கினாள். “வச்சப்புறம்தான் உறைச்சுது. நீ ஒருபக்கம் கண்ணு முழிக்காமக் கெடக்க. ஒம் பேரச் சொல்லி ஒன்னையும் சேத்து அனுப்பிட்டேனோன்னு அஞ்சு நாள் எனக்குப் பச்சத்தண்ணி எறங்கல. அவன்தான் சிலுவையில எழுதிட்டு வந்து, அவகிட்ட இதச் சொல்லப்பிடாதுன்னான். அதான் இந்தப் பிள்ளைக்கு எம் பேர வச்சிரலாம்னேன். வேற யாரு பேருக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாது. எம் பேருன்னா, போனா நாந்தான போவேன், எனக்கு வயசாயிட்டு.”

ஆமென் பாடினார்கள். ஹெப்சிபா அத்தையின் பின்னால் நடைபாதையில் நடந்தாள். புல்லுக்குள் ஒரு சிலுவை இருக்கிறது, அதில் ஹெப்சிபா என்று எழுதியிருக்கிறது. அவன் கையால் எழுதியிருக்கிறான். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, பால் பொங்கினால் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்றால் எப்படிக் கத்துவான்? இந்தா என்றுதான் கத்துவான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அரைமணி நேரம் அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? தெருமுனையிலிருந்து கூப்பிட்டதைப்போலவா? இத்தனை நாளும் தனக்கு வராமல் போன பெயர் வேறொருத்திக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் நினைத்தது சரிதான். ஆள்தான் தப்பு. அதிலும் ஒரு முள் இருந்தது. அத்தை இதை இப்போது புனைந்து சொன்னாளோ, வாய்மூட வைக்க? விடுதியில் முப்பது வருஷம் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தியவள். ஹெப்சிபா அந்த முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். தொட்டியருகில் நின்ற அந்த முகம், தண்டனைக்கு நிறுத்திவைத்த பிள்ளையின் முகத்தைப்போல இருந்தது.

ரூபன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நின்றான். குருவானவர் கையேட்டைத் திருப்பி, சொல்ல வேண்டியவற்றைச் சொல்லி, பிள்ளையை வாங்கிக்கொண்டார். இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்றார். ஹெப்சிபா தண்ணீரைப் பார்த்தாள். அதில் மேல்கூரையின் உத்தரம் ஒன்று வளைந்து தெரிந்தது. பெயர் வாயில் இருந்தது, வேறு எதுவும் இல்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. அடுப்புக்குள் போனவள், எலும்பாகப் பிரிந்தவள், பெயர் தெரியாத எட்டு வயதுக்காரி, பேச்சி, எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் அத்தை, எனக்கு வயசாயிட்டு என்று. குருவானவர் மறுபடி கேட்டார். பெஞ்சுகளில் யாரோ இருமினார்கள். சபை முழுக்கத் திரும்பிப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

“ஹெப்சி” என்றான் ரூபன்.

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டவனாக அவளைப் பார்த்தான், எங்கே விழுந்துவிடுவாளோ என்பதைப்போல. அவள் விழவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“சொல்லு, ஹெப்சி.”

“மில்ட்ரெட்” என்றாள்.

தண்ணீர் மூன்று தரம் விழுந்தது. முதல் தரத்துக்கே பிள்ளை விழித்துக்கொண்டு கோயில் அதிர அழுதது. அந்த அழுகையில் மென்மை ஒன்றும் இல்லை. அத்தை மூக்கைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஹெப்சிபா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ரூபன் பக்கம் தலையைத் திருப்பாமல், ஆராதனை முடிஞ்சதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகணும் என்று சொன்னாள். வெயில் என்று அவன் சொல்லவில்லை. கேட் சாவி கோயில்குட்டியார்கிட்ட இருக்கும், நான் வாங்கிட்டு வாரேன் என்றான். அத்தை சொன்னதை நம்பவில்லை என்பதில்லை. கண்ணால் பார்த்துவிட வேண்டும், எழுத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். திரும்பிப் பெஞ்சுக்கு நடக்கும்போது, பழக்கத்தில், அவனுடைய கால்சட்டை ஓரத்தைப் பார்த்தாள். இன்னும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.